நெசவாளிச் சிலந்திக்குப் பேர் வைத்த கதை

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பயிரைத் தின்னும் சிலந்திப்பேன்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் எம்.ரெட்டியபட்டி என்ற ஊர்ப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 'எம்.' எதற்காக? ரெட்டியபட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் இருக்கின்றன. வெறும் ரெட்டியபட்டி என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டால் கடுதாசி எந்த ஊருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும், இது திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர் என்று தபால்காரருக்குத் தெரிந்துபோகும்.

பயிர்ப் பூச்சி விஷயத்திலும் இதே கதைதான். "இலை சுருண்டு போச்சு, சிலந்தி விழுந்திருச்சு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தச் சிலந்தி, யார் வீட்டுச் சிலந்தி என்று தெரிய வேண்டும். விலாசம் தப்பினால் கடுதாசி தப்பும். இங்கே விலாசம் தப்பினால் மருந்து தப்பும்; மருந்தோடு காசும் போகும், மகசூலும் போகும். மானாவாரிக்காரனுக்கு இரண்டாவது தடவை முதலீடு போட எங்கே இருக்கிறது? ஆகவே, இந்தச் சிலந்திகளை உலகம் எப்படி அடையாளம் கண்டது, எப்படி வீடு பிரித்தது என்ற வரலாற்றைச் சொல்கிறேன். படித்த மேதைகளே இருநூறு வருஷத்துக்கும் மேலாகத் தடுமாறிய விஷயம் இது. ஆகவே நமக்குக் குழப்பம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பூச்சி இல்லை, தேளுக்குப் பங்காளி

1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி நுண்பெருக்கியில் தாம் பார்த்தவற்றையெல்லாம் படமாக வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார. வெறுங்கண்ணுக்குத் தூசி போலத் தெரியும் சிறு பேன் ஒன்றுக்குக் காலும் மயிரும் வாயும் இருப்பதை மக்கள் அந்தப் படத்தில் பார்த்து அதிசயித்தார்கள்.

அதற்குப் பிறகு சுவீடன் நாட்டில் கார்ல் லின்னேயஸ் என்பவர் வந்தார். உலகத்தில் உள்ள உயிர்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். முதல் சொல் குடும்பத்து இனிஷியல் மாதிரி, இரண்டாவது சொல் சொந்தப் பெயர் மாதிரி. 1758இல் அவர் எழுதிய நூலில் இலையில் நூலாம்படை கட்டும் ஒரு சின்னச் சிலந்திக்கு 'அக்காரஸ் டெலாரியஸ்' என்று பெயர் வைத்தார். டெலா என்றால் லத்தீன் மொழியில் நெய்த துணி, தறி என்று பொருள். அருப்புக்கோட்டைத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் எளிதில் மனசில் நிற்கும். இலைக்கு அடியில் உட்கார்ந்து நூல் நூற்கும் நெசவாளி அது.

ஆனால் லின்னேயஸ் ஒரு காரியம் செய்துவிட்டார். சிலந்தி, தேள், உண்ணி, பேன் எல்லாவற்றையும் இறக்கையில்லாத பூச்சிகள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அந்த மூட்டையை 1801இல் பிரெஞ்சுக்காரரான லாமார்க் அவிழ்த்தார். பூச்சிக்கு ஆறு கால். தேளுக்கும் சிலந்திக்கும் உண்ணிக்கும் எட்டுக் கால். பூச்சிக்குத் தலையில் உணர்கொம்பு உண்டு. இவற்றுக்கு அது கிடையாது. ஆகவே இவை தனி வகுப்பு என்று பிரித்தார்.

உங்கள் ஆட்டுக் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை எடுத்துக் கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். மிளகாய்ச் செடியிலும் கத்தரிச் செடியிலும் இலைக்கு அடியில் ஊரும் சிவப்புச் சிலந்தி அந்த உண்ணிக்குத்தான் நெருங்கின சொந்தம். தேளுக்குத் தூரத்துப் பங்காளி. அசுவினிக்கோ தத்துப்பூச்சிக்கோ அது உறவே கிடையாது.

இது வெறும் ஏட்டுப் படிப்பு என்று நினைக்காதீர்கள். உடம்பின் அமைப்பு வேறு என்றால் மருந்து வேலை செய்யும் விதமும் வேறு. பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல, இந்த எட்டுக்காலிகளை ஒன்றும் செய்வதில்லை. 1801இல் பிரித்த பிரிவினையை 20ஆம் நூற்றாண்டு விவசாயம் மறந்தது. அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

கண்டிச் சீமையில் ஒரு பெயர், அஸ்ஸாமில் ஒரு பெயர்

நம் தேசத்துப் பக்கம் இந்தக் கதை தோட்டப் பயிர்களில் ஆரம்பிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்க ஆயிரக்கணக்கான பேர் கடல் தாண்டிக் கண்டிச் சீமைக் காபித் தோட்டங்களுக்குப் போனார்கள். நம்ம கரிசல் காட்டு வம்சத்திலும் அப்படிப் போனவர்கள் உண்டு. அந்தக் காபிச் செடியில் என்னென்ன எதிரிகள் வாழ்கின்றன என்று கவனித்து எழுதியவர் ஜான் நீட்னர். 1861இல் அவர் வெளியிட்ட நூலில் காபி இலையின் மேல்பக்கத்தைச் சிவக்கவைக்கும் ஒரு சிலந்தியைக் குறித்து, காபியின் பெயரையே அதற்கு வைத்தார்.

இது இலங்கையில் நடந்தது. அங்கிருந்து வெகுதூரத்தில் உள்ள அஸ்ஸாமில் தேயிலை இலை சிவந்து, வெண்கலம் மாதிரி நிறம் மாறி உதிர்வதை 1868இல் பீல் என்பவர் எழுதினார். 1884இல் கல்கத்தாவைச் சேர்ந்த உட்மேசன், தேயிலைச் சிலந்தியைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்து, அதற்கு வேறொரு பெயரைச் சூட்டினார். காபிக்காரர் ஒரு பெயர், தேயிலைக்காரர் ஒரு பெயர். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே சிலந்திதான் என்று முடிவாயிற்று. முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை என்பது இந்தத் துறையின் சட்டம். அதனால் இன்றைக்கு நீலகிரியில் தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்திக்கும் 'ஒலிகோனிக்கஸ் காஃபியே' என்று காபியின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. தேயிலையில் இருந்துகொண்டு காபிப் பெயர் சொல்லும் சிலந்தி!

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பயிர் மாறினால் சிலந்தியும் மாறும் என்று இல்லை. கத்தரியில் இருப்பதும் வெண்டையில் இருப்பதும் வரப்போரத்துக் களையில் இருப்பதும் ஒரே சிலந்தியாக இருக்கலாம். கத்தரிக்கு மருந்தடித்துவிட்டு வரப்புக் களையை விட்டுவைத்தால் அது எட்டு நாளில் திரும்பி வந்துவிடும்.

சோளத்துக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று

நம்ம புன்செய்ப் பயிர்களுக்கு வருவோம். சோளத் தோகையில் ஆங்காங்கே சிவப்புத் திட்டு விழுந்து, பிறகு தோகை முழுவதும் காய்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கத்தைத் திருப்பினால் மெல்லிய நூலாம்படை தெரியும். இந்தச் சோளச் சிலந்தியை 1923இல் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி ஹர்ஸ்ட் வருணித்து எழுதினார். அதன் பெயரில் இன்றும் 'இண்டிகஸ்', அதாவது 'இந்தியாவைச் சேர்ந்தது' என்ற சொல் இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் வயலில் பிடித்த சிலந்திக்குப் பேர் வாங்க வேண்டுமானால் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1940இல் லாகூரில் ரஹ்மான், சாப்ரா என்ற இரண்டு பேர் அந்த வட்டாரத்துச் சிலந்திகளைத் தாங்களே ஆராய்ந்து நான்கு புதிய இனங்களை எழுதினார்கள். மாமரத்துச் செஞ்சிலந்தி அவற்றில் ஒன்று.

மிளகாயின் கதை இதைவிடச் சிக்கலானது. தார்வாட் பக்கத்தில் மிளகாய்ச் செடி முறுக்கிக் குறுகிப்போகும் நோயை அங்குள்ள விவசாயிகள் 'முர்டா' என்று சொன்னார்கள். நம் பக்கத்தில் 'முரணை' என்றும் 'சுருட்டை' என்றும் சொல்கிறோம். 1922இல் குல்கர்னி என்ற அதிகாரி இதைப் பற்றி எழுதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திதான் இதற்குக் காரணம் என்று காட்டினார். அந்தச் சிலந்தி ஏற்கெனவே 1904இல் அமெரிக்காவில் பேங்க்ஸ் என்பவரால் பேர் வைக்கப்பட்டதுதான். அங்கே அது மாஞ்செடியில் பிடிபட்டது. இங்கே மிளகாயில் குடியிருக்கிறது. இதைத்தான் மஞ்சள் சிலந்தி என்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். மஞ்சள் சிலந்தியும் எட்டுக்காலிதான். ஆனால் நூல் நூற்கும் நெசவாளி வீட்டைச் சேர்ந்தது அல்ல. அது வேறு குடும்பம். அளவிலும் சின்னது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். நூலாம்படை கட்டாது. முற்றின இலைக்குப் போகாது, குருத்தில்தான் குடியிருக்கும். சிவப்புச் சிலந்திக்கு வெயிலும் வறட்சியும் பிடிக்கும். மஞ்சள் சிலந்திக்கு ஈரக்காற்றும் மந்தாரமும் பிடிக்கும். அதனால்தான் மார்கழி, தைப் பனியில் மிளகாய்க் குருத்து சுருள்வதும், மாசி, பங்குனி வெயிலில் கத்தரி இலை வெளுத்துச் சிவப்பதும் நடக்கிறது. இரண்டையும் சிலந்தி என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் இரண்டும் வேறு வேறு.

சிவப்பா, பச்சையா? ஒரு வழக்கு

இனி நெசவாளிக் குடும்பத்துக்குள் நடந்த பெரிய வழக்கைச் சொல்கிறேன்.

1832இல் பிரான்சில் துஃபூர் என்பவர் நூல் நூற்கும் சிலந்திகளுக்கு 'டெட்ரானிக்கஸ்' என்ற குடும்ப இனிஷியலைக் கொடுத்தார். நான்கு நகம் உள்ளது என்று அதற்குப் பொருள். 1836இல் ஜெர்மனியில் கோச் என்பவர், நம்ம ஊர்ச் செந்தட்டி மாதிரி பட்டால் அரிக்கும் ஒரு செடியில் பிடித்த சிலந்திக்கு அந்தச் செடியின் பெயரைச் சேர்த்து 'டெட்ரானிக்கஸ் உர்ட்டிகே' என்று பெயர் வைத்தார். அது மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். முதுகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி உண்டு. அந்தப் புள்ளி நிறமே அல்ல. குடித்த இலைச்சாறு வயிற்றுக்குள் இருப்பது தோல் வழியே தெரிகிறது, அவ்வளவுதான். 1867இல் பிரெஞ்சுக்காரர் புவாடுவால், செக்கச் சிவந்த ஒரு சிலந்திக்குச் சாதிலிங்கத்தின் பெயரை வைத்து 'சின்னபாரினஸ்' என்று எழுதினார்.

இப்படி ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டே போனதில், ஒரே சிலந்திக்குப் பத்துப் பதினைந்து பெயர்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நிறத்தைப் பார்த்துப் பேர் வைத்ததுதான் வினை. இந்தச் சிலந்தியின் நிறம் தின்னும் செடிக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறும். குளிர் தேசத்தில் அதே பச்சைச் சிலந்தி பனிக்காலத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் செம்மஞ்சள் நிறமாகி ஒளிந்துகொள்ளும்.

அப்படியானால் எதைக் கொண்டு அடையாளம் காண்பது? ஆண் சிலந்தியைக் கண்ணாடிச் சில்லில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, அதன் இனப்பெருக்க உறுப்பின் கொக்கியை நுண்பெருக்கியில் பார்க்க வேண்டும். இனத்துக்கு இனம் அந்தக் கொக்கியின் வளைவும் நுனிக் குமிழும் மாறும். பூட்டுக்குத் தக்க சாவி மாதிரி. பெட்டைகளைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். 1955இல் அமெரிக்காவைச் சேர்ந்த பிரிட்சார்டு, பேக்கர் என்ற இரண்டு பேர் இந்தக் குடும்பம் முழுவதையும் இம்மாதிரி உறுப்புகளைப் பார்த்துத் திருத்தி அடுக்கினார்கள். அதுவரை குப்பையாகக் கிடந்த பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு வந்தது.

அடுத்த ஆண்டு, 1956இல், பௌட்ரோ என்பவர் சிவப்பும் பச்சையும் தனித்தனி இனங்கள்தான் என்று எழுதினார். அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்களில் இரண்டு பெயர்களும் தனித்தனியாகவே இருந்தன. நான் கல்லூரியில் படித்த காலத்திலும் அப்படித்தான் மனப்பாடம் செய்தோம். 2013இல் பிரான்சைச் சேர்ந்த ஓஷேயும் அவருடைய கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, புதிதாக அளவுகளும் எடுத்து, கொக்கியின் வடிவத்தைக் கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது, சிவப்பும் பச்சையும் ஒரே இனத்தின் இரண்டு நிறம்தான் என்று எழுதினார்கள். செவலை மாடும் மயிலை மாடும் ஒரே மாட்டினம் என்பது மாதிரி. சிலர் இன்னமும் தனி இனம் என்று வாதாடுகிறார்கள். பொதுவாக இன்று ஒரே பெயர்தான், 'உர்ட்டிகே'.

இந்த வழக்கிலிருந்து நமக்கு என்ன? "என் செடியில் இருப்பது பச்சையா இருக்கு, அப்போ இது சிவப்புச் சிலந்தி இல்லை" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக் கூடாது. நிறத்தை நம்பாதீர்கள். நூலாம்படையையும் இலையில் விழும் வெண்புள்ளிகளையும் நம்புங்கள்.

துவரை மலடான மர்மம்

நெசவாளி வீட்டைத் தாண்டி இன்னொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். எட்டுக் கால் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தக் குடும்பத்துக்கு நான்கே கால்கள். மீதி நான்கு இயற்கையிலேயே இல்லாமல் போய்விட்டன. பார்க்கப் புழு மாதிரி நீண்டிருக்கும். ஈரியோபைட் சிலந்தி என்று தென்னை வைத்திருக்கிறவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1965இல் மெக்சிகோ நாட்டில் பிடித்துப் பேர் வைத்த அந்தத் தென்னைச் சிலந்தி, 1998இல் கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் தென்பட்டது. தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கும் தாவி, தேங்காய் மட்டையைக் கீறிக் காயைச் சிறுக்க வைத்தது.

துவரையில் இதே குடும்பம் செய்த வேலை இன்னும் சூட்சுமமானது. செடி செழிப்பாகப் புதர் மாதிரி வளரும், இலை சிறுத்துத் தேமல் விழும், பூக்காது, காய்க்காது. இந்த மலட்டுத் தேமல் நோயை 1931இல் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக எழுதிவைத்தார்கள். காரணம் பிடிபடவில்லை. 1962இல் சேத் என்பவர், ஒரு ஈரியோபைட் சிலந்திதான் நோயைச் செடிக்குச் செடி கடத்துகிறது என்று காட்டினார். 1966இல் பெங்களூரைச் சேர்ந்த சன்னபசவண்ணா அந்தச் சிலந்தியை முறைப்படி வருணித்துப் பேர் வைத்தார். ஆனால் சிலந்தி கடத்தும் நோய்க்கிருமியைக் கண்ணால் பார்க்க இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஐதராபாத் பக்கம் பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையமும் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில்தான் அந்த வைரசைப் பிரித்தெடுத்தார்கள். ஆக, ஏறக்குறைய எழுபது வருஷம்.

அத்தனை வருஷமும் விவசாயி துவரை போட்டான், மலடானதைப் பிடுங்கிப் போட்டான். சிலந்தி என்று தெரிந்த பிறகுதான் வழி பிறந்தது. நோய் தாங்கும் ரகம் போடு, பாதித்த செடியைச் சீக்கிரமே பிடுங்கி அழி, போன வருஷத்துத் துவரைத் தட்டையையும் மறுதாம்பையும் காட்டில் விட்டுவைக்காதே என்று இன்று தைரியமாகச் சொல்கிறோம் என்றால், அந்த அடையாளம் கிடைத்ததால்தான்.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தத் துறையில் பங்கு உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். மோகனசுந்தரம், இந்த நான்குகால் குடும்பத்தில் ஏராளமான புதிய இனங்களை வருணித்து எழுதினார். 1985இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்காக எஸ்.கே. குப்தா, இந்தியாவின் பயிர்ச் சிலந்திகளுக்கு ஒரு கையேடு கொடுத்தார். சீமைக்கு மாதிரி அனுப்பிப் பேர் வாங்கிய காலம் அதோடு போயிற்று.

மருந்து வளர்த்த சிலந்தி

முதலில் சொன்ன விலைக்கு வருகிறேன். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் குணத்தை 1939இல் சுவிட்சர்லாந்தில் முல்லர் கண்டுபிடித்தார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் அந்த மருந்து பழத்தோட்டங்களிலும் பருத்திக் காடுகளிலும் கொட்டப்பட்டது. புழு செத்தது, பூச்சி செத்தது. ஆனால் அதுவரை பெரிய தொல்லையாக இல்லாத சிலந்திகள் திடீரென்று பெருகி மரங்களையே மொட்டையடித்தன.

காரணம் எளிதானது. சிலந்தியைத் தின்று வாழ்கிற உயிர்கள் பல உண்டு. கடுகளவே உள்ள கறுப்புப் பொறிவண்டு, இரைதேடி ஓடும் வேறு வகைச் சிலந்திப்பேன்கள், சில இலைப்பேன்கள். மருந்து இந்தக் காவல்காரர்களைக் கொன்றது; எட்டுக்காலியைக் கொல்லவில்லை. காவலாளியை அடித்துப் போட்டுவிட்டுக் களத்தைத் திருடனிடம் ஒப்படைத்த கதைதான். பின்னால் வந்த பைரித்ராய்டு வகை மருந்துகளை அளவுக்கு மீறி அடித்த இடங்களிலும் இதேதான் நடந்தது, இன்றும் நடக்கிறது.

சிலந்தி பெருகும் வேகமும் சாதாரணமில்லை. நல்ல வெயிலில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு எட்டுப் பத்து நாள் போதும். ஒரு பெட்டை நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராமலே முட்டையிடும். அப்படி இட்ட முட்டையெல்லாம் ஆணாகப் பிறக்கும். ஆகவே ஒற்றைப் பெட்டை ஓர் இலையில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஒரு குடும்பத்தை உண்டாக்கிவிடும். தலைமுறை வேகமாக மாறுவதால் மருந்தைத் தாங்கும் சக்தியும் வேகமாக வருகிறது. இந்த உர்ட்டிகே சிலந்தி உலகத்தின் பல பாகங்களில் மொத்தமாகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்துகளைத் தாங்கப் பழகியிருக்கிறது. 2011இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்தார்கள். நஞ்சை முறிக்கும் மரபணுக்கள் அதில் நிறைந்து கிடக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் செடிகளைத் தின்று, அத்தனை செடிகளின் நஞ்சையும் சமாளித்துப் பழகிய வயிறு அது.

சிலந்திக்கென்றே 1950களில் டைக்கோபால் என்ற மருந்து வந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கும் பழக்கமான பேர் அது. சுற்றுப்புறத்தில் சீக்கிரம் அழியாத நஞ்சு என்று 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். 2023இல் இந்திய அரசும் அதற்குத் தடை விதித்துவிட்டது. ஆகவே யாராவது பழைய டப்பாவை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டில் மீதம் இருந்தாலும் அடிக்காதீர்கள்.

காட்டில் பார்த்து வீடு பிரிப்பது

இருநூற்றைம்பது வருஷத்துப் படிப்பை நாம் வயலில் நின்றுகொண்டு பயன்படுத்த முடியுமா? முடியும். ஆண் சிலந்தியின் கொக்கியைப் பார்ப்பது ஆராய்ச்சிக்காரர் வேலை. எந்த வீட்டுச் சிலந்தி என்று பிரிப்பது நம் வேலை. வேண்டியது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கை லென்சும் ஒரு வெள்ளைத் தாளும்தான்.

ஒன்று. இலையின் மேல்பக்கத்தில் ஊசியால் குத்தியது மாதிரி வெண்புள்ளிகள்; அடியில் நூலாம்படை; உருண்டையான முட்டைகள்; தாளில் தட்டினால் ஊரும் சிவப்பு அல்லது பச்சைத் துகள். இது நெசவாளிச் சிலந்தி. கத்தரி, வெண்டை, பருத்தி, மல்லிகை, சோளம் எல்லாவற்றிலும் வெயில் காலத்தில் பாருங்கள்.

இரண்டு. மிளகாயில் குருத்திலை கீழ்நோக்கிக் கவிழ்ந்த தோணி மாதிரி சுருண்டு, காம்பு நீண்டு, நூலாம்படை இல்லாமல் இருந்தால் மஞ்சள் சிலந்தி.

மூன்று. அதே மிளகாயில் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் அது சிலந்தியே அல்ல, இலைப்பேன். அதற்கு ஆறு கால். தட்டினால் தாளில் மெலிந்து நீண்ட பூச்சி ஓடும்.

நான்கு. நரம்பு மஞ்சளாகி, இலை சிறுத்து, செடி முழுவதும் கொத்தாகக் குறுகி, தாளில் தட்டினாலும் ஒன்றும் விழவில்லை என்றால் வெள்ளை ஈ கடத்தும் வைரஸ் நோயாக இருக்கலாம். அந்தச் செடிக்கு எந்தச் சிலந்தி மருந்தை அடித்தும் பிரயோசனம் இல்லை. பிடுங்கி எறிவதே நல்லது.

ஐந்து. மல்லிகை இலையில் கம்பளி மாதிரி வெள்ளை ரோமம், துவரையில் பூக்காத புதர், தேங்காயின் மூக்குப் பக்கத்தில் முக்கோண வடு. இவை நான்குகால் ஈரியோபைட்டின் கைவேலை. லென்சில்கூட அது சரியாகத் தெரியாது. அடையாளத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

"சார், மூணு மருந்து அடிச்சாச்சு, கேக்கலை" என்று மிளகாய்ச் செடியோடு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, இலை மேலே சுருண்டதா, கீழே சுருண்டதா?" என்பதுதான். பதில் சொல்லத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போய் "சுருட்டைக்கு மருந்து கொடுங்க" என்று கேட்டால், இலைப்பேனுக்கும் சிலந்திக்கும் சேர்த்து இரண்டு மூன்று டப்பா கைக்கு வரும். பறித்த குருத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ வாருங்கள்.

செய்ய வேண்டியவை

சிலந்தி வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, வராமல் பார்ப்பது லாபம். வண்டிப்பாதை ஓரத்து வரிசையில் தூசி படிந்த செடிகளில்தான் முதலில் சிலந்தி தலைகாட்டும். அந்த வரிசையை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தண்ணீர் வசதி இருந்தால் இலையின் அடிப்பக்கம் படும்படி விசையாகத் தண்ணீர் அடித்தாலே ஆரம்பத்தில் பாதி கழுவிப் போய்விடும். வரப்புக் களையை அகற்றுங்கள். முதலில் தாக்கப்பட்ட ஒன்றிரண்டு செடிகளின் அடியிலைகளைக் கிள்ளிப் பையில் போட்டு அழியுங்கள். கையில் தூக்கிக்கொண்டு காடு முழுவதும் நடக்காதீர்கள்.

ஆரம்பக் கட்டத்தில் வேப்ப எண்ணெய்க் கரைசல் உதவும். அதற்கு மேல் போனால் நனையும் கந்தகம் இருக்கிறது. பழைய மருந்துதான், இன்றும் நல்ல மருந்து. ஆனால் உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை பொசுங்கும். பூசணி, வெள்ளரி வகைகளுக்குக் கந்தகம் ஆகாது. எண்ணெய் அடித்த செடிக்குச் சில வாரங்களாவது இடைவெளி விட்டுத்தான் கந்தகம் அடிக்க வேண்டும். இதற்கும் கேட்காவிட்டால் பிராபர்கைட், பெனசாகுயின், ஸ்பைரோமெசிபென் மாதிரி சிலந்திக்கென்றே உள்ள மருந்துகள் கிடைக்கின்றன. டப்பாவில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அதில் போட்டிருக்கும் அளவையும் அறுவடைக்கு முன்னால் விட வேண்டிய நாளையும் ஒட்டி நடந்துகொள்ளுங்கள். வத்தல் வெளிநாடு போகும் சரக்கு. மருந்து மிச்சம் இருந்தால் சந்தையில் திருப்பி விடுவார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றி மாற்றி அடியுங்கள். தெளிப்பு இலையின் அடியில் படாவிட்டால் எந்த மருந்தும் வீண்.

லின்னேயஸ் முதல் இன்றைய மரபணு ஆராய்ச்சி வரை இத்தனை பேர் உழைத்தது ஒரு சின்ன உயிருக்குச் சரியான விலாசம் எழுதத்தான். அந்த விலாசத்தின் கடைசி வரியை எழுத வேண்டியவர் காட்டில் நிற்கும் நீங்கள்தான். இந்த வாரம் மிளகாய்க் காட்டுக்குப் போகும்போது இலையைத் திருப்பிப் பார்த்து, கால்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் மருந்தடிப்பானைத் தோளில் மாட்டுங்கள்.